பச்சை லைட்டை நம்பாதீங்க

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் சோலார் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் ரெண்டு வருசத்துக்குத்தான் தம்பி, பிறகு பெட்டரி செத்துடும்." உடுதும்பறைப் பக்கமும் இதைத்தான் சொல்றாங்க, ரங்கலை, தெல்தோட்டைப் பக்கமும் இதைத்தான் சொல்றாங்க. எங்கள் கருத்து இது: பெரும்பாலான பெட்டரிகள் தானாகச் சாவதில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் பாவிக்க விட்டதால்தான் சாகின்றன. பாவித்தவர்கள் மேல் பழி போட முடியாது. விற்றவர்கள் அளக்கிற வழியையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

இது புதுக்கதை இல்லை. 1997இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய திட்டமும், 2002இல் அதைத் தொடர்ந்து வந்த திட்டமும் சேர்ந்து, மின்கம்பி எட்டாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கை வீடுகளுக்குக் கடனடிப்படையில் சோலார் கொண்டுபோயின. கூரையில் ஒரு பலகை, மூலையில் ஒரு 12 வோல்ட் பெட்டரி, சுவரில் இரண்டு மூன்று சின்ன லைட்டுகள் மின்னும் ஒரு பெட்டி. பச்சை எரிந்தால் நல்லம், சிவப்பு எரிந்தால் கெட்டது. அந்த வீடுகளில் பலதுக்குக் கிடைத்த மின்சாரக் கல்வி அவ்வளவுதான்.

அந்தப் பச்சை லைட் ஏன் போதாது? அது காட்டுவது அந்த நிமிடத்து வோல்ட்டை. காலை பதினொரு மணிக்கு வெயில் அடிக்கும்போது பாதி காலியான பெட்டரியும் பதின்மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டும். ராத்திரி டிவி ஓடும்போது நல்ல பெட்டரியும் இறங்கிக் காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் விடியற்காலையில், வெயில் ஏறும் முன், எல்லாவற்றையும் நிறுத்தி, பெட்டரிக்குச் சில மணிநேரம் ஓய்வு கொடுத்த பிறகு அளக்க வேண்டும். சாதாரண ஈயப் பெட்டரியில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் ஆபத்து. 11.8 என்றால் கிட்டத்தட்ட வெறுமை.

பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பெட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால் ஈயத் தகடுகளில் சல்பேற் உறைந்து கல்லாகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் முன்னைப்போல ஏறாது. ஆழமாக இறங்கித் திரும்ப ஏறுவதற்கென்றே தடித்த தகடுகளோடு செய்த பெட்டரிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இந்த எல்லை உண்டு. லொறியிலிருந்து கழற்றிய பெட்டரியை லைட்டுக்குப் பூட்டினால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சினை ஒரு உதை உதைத்து எழுப்பத்தான் அதன் மெல்லிய தகடுகள்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 7 வாட் பல்ப் மூன்று, ஐந்து மணிநேரம்: 105 வாட்மணி. 30 வாட் டிவி மூன்று மணிநேரம்: 90. இரண்டு போனுக்கு 30. மொத்தம் 225. 100 அம்பியர்மணி பெட்டரியில் இருப்பது 1200, பத்திரமாக எடுக்கக்கூடியது அதில் பாதி, 600. ஆக வெயிலே இல்லாவிட்டால் இரண்டரை நாள். மார்கழியில் நக்கிள்ஸ் பக்கம் மூடுபனி இறங்கினால் எத்தனை நாள் வெயில் ஒளிந்துகொள்ளும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் டிவியை நிறுத்துவதா, பிள்ளையின் படிப்பு லைட்டை நிறுத்துவதா என்று வீடு முடிவெடுக்க வேண்டும். எண் தெரிந்தால் முதல் நாளே டிவியை நிறுத்தலாம். தெரியாவிட்டால் படிப்பு லைட்தான் முதலில் போகும்.

"இப்ப எல்லா இடத்துக்கும் கரண்ட் வந்தாச்சே, இது யாருக்கு?" என்று கேட்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் கோளாறு, நாடு முழுக்க இருள். நல்ல வெயில் நேரத்தில், கூரை முழுக்கச் சோலார் இருந்த வீடுகளிலும் பெட்டரி இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. கம்பி செத்தால் அந்த வகைச் சோலார் தானாகவே நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக. அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது கரண்ட் மட்டுமா போனது? போன் சிக்னலும் போனது. கரண்ட் போனால் கோபுரங்களும் பெட்டரியையும் ஜெனரேட்டரையும் நம்பித்தான் நிற்கின்றன.

210 மெகாவாட் விக்டோரியா நிலையம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் அணை இருக்கிறது என்பதற்காக வீட்டில் வெளிச்சம் நிச்சயமில்லை என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடிய காலத்திலும் லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

இப்போது கடைகளில் லித்தியம் பெட்டரி வருகிறது. நல்லதுதான், ஆனால் அதில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்வது கடினம். முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டும். அதற்குத் தண்ணீர் மீட்டர் மாதிரி ஒரு கருவி வேண்டும். பெட்டரியின் மைனஸ் வயரில் பூட்டினால் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு பல்பின் மைனஸை நேராகப் பெட்டரியில் பூட்டினாலும் கணக்குப் பிழைக்கும். எல்லா மைனஸும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இடைக்கிடை முழுதாக ஏற்றி, எண்ணை நூறுக்குத் திருத்தவும் வேண்டும். சுற்றுலாக்காரருக்காகப் படுக்கையும் அடுப்பும் வைத்து ஓடும் வேன்களில் இந்த மீட்டர் பூட்டிக்கொள்கிறார்கள். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு எண் தெரிகிறது, வருசம் முழுக்க அதிலேயே வாழ்கிறவருக்குப் பச்சை லைட் மட்டும்!

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. வீட்டுக்கு விற்கும் ஒவ்வொரு சோலார் பெட்டரியோடும் ஒரு வோல்ட்மீட்டரும், மேலே சொன்ன நாலு எண்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு அட்டையும் கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும். புயலுக்குப் பிறகு சோலார் கொடுக்கும் அமைப்புகளும் இதைச் செய்ய வேண்டும். மீட்டரின் விலை பெட்டரி விலையில் ஒரு சிறு துண்டு. தோட்டத்துக் குடும்பத்துக்கோ ஒரு பெட்டரி ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

செத்த பெட்டரி எங்கே போகிறது என்பதும் முக்கியம். ஈயத்துக்காக அதைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால், அந்தத் தூசு பிள்ளைகளின் மூளைக்குப் போகிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வருசத்தில் சாகும் பெட்டரியை ஐந்து வருசம் ஓடவைப்பது அந்த உலையையும் குறைக்கும்.

வோல்ட், அம்பியர் எல்லாம் ஓ.எல். விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. படித்தவர்கள் ஊரில் இருக்கிறோம். ஒரு மல்டிமீட்டர், ஒரு சி.ஆர். கொப்பி, வாரத்துக்கு ஒரு காலை. உங்கள் ஊரில் சோலார் வைத்திருக்கிற பாட்டி வீட்டிலிருந்து தொடங்குங்கள்.