தவணைக்கு அப்பாலும் ஒரு செலவு

சொகுசுக் கார் வாங்க விழைவோர் மாதத் தவணையைக் கணக்கிடும் அளவுக்குப் பராமரிப்பைக் கணக்கிடுவதில்லை. பழைய சொகுசுக் காரின் விலை ஆண்டுதோறும் குறைகிறது. அதன் உதிரிபாகங்களின் விலையோ அவ்வாறு குறைவதில்லை. பிரேக் பேடு இதற்குத் தக்க சான்று.

கனமான வண்டியை மிகுந்த வேகத்திலிருந்து நிறுத்தப் பெரிய பேடுகளும் டிஸ்க்குகளும் தேவை. பல மாடல்களில் தேய்மானத்தை உணர்த்தும் சென்சார் உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால் பேடுடன் அதையும் மாற்ற நேரிடும். மின்னணுப் பார்க்கிங் பிரேக் கொண்ட வண்டிகளில் பின்சக்கரப் பணிக்குக் கணினிக் கருவியும் வேண்டியிருக்கும். ரசீது நீள்வதன் காரணம் இதுவே.

இயல்பான தேய்மானத்தை வாகனக் காப்பீடு ஏற்பதில்லை. தள்ளிப்போடுவதும் சேமிப்பாகாது: பேடு முற்றிலும் தேய்ந்தால் அதன் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறிச் செலவைப் பெருக்கும், உயிருக்கும் ஊறு விளையும்.

ஆகவே, கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பராமரிப்புச் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். உதிரிபாகம், கூலி, வரி ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். தவணை போக, இதற்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்க இயலாதெனில், அந்தக் கார் உங்கள் வரவுக்கு ஏற்றதன்று. கடன் வழங்கும் நாங்களே இதைக் கூறுகிறோம். தவணை தவறாத வாடிக்கையாளரின் நிம்மதியே எங்களுக்கும் நன்மை.