சபையாரைக் கேட்டார்களா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடிக்குச் செல்லும் வழியில் உள்ளது வித்துரா. இதுபோன்ற மலையடிவார ஊர்களும் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) தென்கேரளப் பேராய எல்லைக்குள் வருபவைதாம். இங்குள்ள சிறு சபைகளில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூலி வேலைக்குச் செல்வோரும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். வாரந்தோறும் காணிக்கை செலுத்தி ஆலயத்தைக் காத்து வருபவர்கள் அவர்கள். ஆனால், தங்கள் திருச்சபை ஒன்றாக நீடிக்குமா, உடையுமா என்ற கேள்விக்கான விடை பாளையம் எல்.எம்.எஸ். வளாகத்திலும், சென்னையில் உள்ள திருச்சபைத் தலைமையகத்திலும், நீதிமன்றங்களிலும்தான் தேடப்படுகிறது. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை வருத்தத்துக்குரியவை. 2022-இல் பாளையம் மட்டீர் நினைவு ஆலயத்தைப் பேராலயமாக அறிவித்தபோது சபையாரில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தனர். அதே ஆண்டு ஜூலையில், காரக்கோணம் மருத்துவக் கல்லூரி மாணவர் சேர்க்கைக்குப் பணம் பெறப்பட்டதாக எழுந்த புகாரின் பேரில் அமலாக்கத் துறை பேராயத் தலைமையகத்தில் சோதனை நடத்தியது. பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70-ஆக உயர்த்த 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும், 2023-இல் நடந்த பிரதமப் பேராயர் தேர்தலும் வழக்குகளாயின. திருச்சபையை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நியமிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025-இல் பிரதமப் பேராயரின் தேர்தல் செல்லாது என்பது அங்கும் உறுதியானது.

புகார்களின் மெய்ம்மையை உரிய அமைப்புகள்தாம் தீர்மானிக்க வேண்டும். நாம் இங்கு கவலை கொள்வது வேறொன்றைப் பற்றி. இந்தச் சச்சரவுகளில் எதுவுமே வேதக் கோட்பாட்டைப் பற்றியதல்ல. ஞானஸ்நானம் பற்றியோ திருவிருந்து பற்றியோ எவரும் மாறுபடவில்லை. பதவி, பதவிக்காலம், சொத்து, கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் மீதான அதிகாரம்தான் பிரச்சினை. இதற்காகச் சபைகள் இரண்டாகப் பிரியுமானால், அந்தப் பிளவுக்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் பதவியில் இருந்தவர்களோ பதவியை விரும்பியவர்களோ அல்லர்.

இணைவதற்காகவே பிறந்தது இந்தத் திருச்சபை. 1806-இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூர் வந்து, மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கத்தின் துணையுடன் தொடங்கிய லண்டன் மிஷன் பணியின் வழித்தோன்றல்கள்தாம் தென்கேரளச் சபைகளும் குமரிச் சபைகளும். 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள், மேலைநாட்டுப் பிரிவினைகள் எங்களுக்கு எதற்கு என்ற கேள்வியை எழுப்பினர். ஏறத்தாழ 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. நாடு விடுதலை பெற்ற 43-ஆம் நாள், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், ஐக்கிய சபையினர் ஒன்றாயினர். பேராயர் முறையை ஏற்ற சபைகளும் ஏற்காத சபைகளும் ஒரே அமைப்பில் இணைந்ததை உலகமே வியந்து நோக்கியது.

பிரிவு என்றாலே கேடு என்று சொல்வதற்கில்லை. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், தென்திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டானது. 2015-இல் கொல்லம் - கொட்டாரக்கரை தனிப் பேராயமானது. இவை நிர்வாகப் பிரிவுகள். குடும்பம் பெருகியதால் சகோதரர்கள் தனித்தனியே உலை வைத்ததைப் போன்றவை, உறவு முறியவில்லை.

கசப்பில் விளைந்த பிரிவுகளின் கதை வேறு. 1961-இல் மார்த்தோமா சபையிலிருந்து ஒரு பகுதியினர் வெளியேறி இந்திய செயின்ட் தாமஸ் இவாஞ்சலிக்கல் சபையை அமைத்தனர். 1960-களில் மத்திய கேரளத்தில், தங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை எனக் குமுறிய தலித் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர் தென்னிந்தியத் திருச்சபையை விட்டே விலகினர். அக்குமுறலுக்குத் தலைமை உரிய காலத்தில் செவி கொடுத்திருந்தால் அந்த வெளியேற்றமே நிகழ்ந்திராமல் போயிருக்கலாம்.

சீர்திருத்த சபைகளுக்கு வெளியே நின்றும் ஒரு பாடம் கற்கலாம். மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா பிரிவினரிடையே தலைமுறைகளாக நடந்த வழக்கில் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் அமைதி திரும்பவில்லை. ஆலயம் ஒரு தரப்பிடம் சென்றதும், மறுதரப்பினரின் உடல்களைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியாமல் நாள் கணக்கில் காத்திருந்த அவலம் கேரளத்தில் நேர்ந்தது. முன்னோர் உறங்கும் மண்ணில் இறந்தவரைப் புதைக்கும் உரிமைக்காக 2020-இல் மாநில சட்டப்பேரவை தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சபைப் பிளவு ஆலய வாசலோடு நிற்பதில்லை, கல்லறைத் தோட்டம் வரை நீளும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தென்னிந்தியத் திருச்சபையில் பிளவு நேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும். திருச்சபைச் சொத்துகள் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற நிறுவனத்தின் பெயரில் உள்ளன. பிடி அரிசி சேர்த்தும், அறுவடைப் பண்டிகையில் காய்கனிகளை ஏலம் விட்டும் ஆலயம் எழுப்பிய உள்ளூர்ச் சபை பிரிந்து செல்ல முடிவெடுத்தால், சட்டப்படி கட்டடத்தைக் கொண்டு செல்ல இயலாது. வழக்குத் தொடுக்கலாம். வழக்குச் செலவுக்கும் அதே காணிக்கைதான்.

அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்ட் சபையிலும் உள்ளூர்ச் சபைகளின் சொத்துகள் ஒட்டுமொத்தச் சபைக்காகவே பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தன. தன்பாலினத்தவர் திருமணம், குருத்துவம் பற்றிய கருத்து வேற்றுமையால் அச்சபை உடையும் நிலை வந்தபோது, 2019-இல் ஒரு வழிமுறை வகுக்கப்பட்டது. உள்ளூர்ச் சபையில் வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால், உரிய தொகையைச் செலுத்திவிட்டு ஆலயத்துடன் வெளியேறலாம். 2023 இறுதி வரையே அவகாசம். 7,600-க்கும் மேற்பட்ட சபைகள், அதாவது அந்நாட்டிலுள்ள அச்சபைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அவ்வாறு வெளியேறின. துயரமான பிரிவுதான், கசப்பும் வழக்குகளும் இல்லாமலில்லை. எனினும், ஒவ்வொரு சபையிலும் சாதாரண உறுப்பினரின் வாக்கு கேட்கப்பட்டது. தென்கேரளத்தில் காணாதது இதுதான்.

ஊழலில் தோய்ந்த நிர்வாகத்தோடு இருப்பதைவிடப் பிரிந்து போவதே மேல் என வாதிடுவோர் உண்டு. அவர்களது கோபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால், கணக்குக் காட்டாத நிர்வாக முறையை அப்படியே சுமந்துகொண்டு பிரிகிற சபை, அடுத்த தலைமுறையில் அதே காரணத்துக்காக மீண்டும் உடையும். சகோதரர் மீது சகோதரர் வழக்காடுவது தகாது எனப் பவுல் எழுதியதைக் காட்டி, கேள்வி கேட்போரை அடக்க முனைவோரும் உண்டு. சபைக்குள் நியாயம் கிடைக்க வழி இருக்கும்போதுதான் அந்த அறிவுரை பொருந்தும். வழியை அடைத்துவிட்டு வழக்குத் தொடுத்தவரைக் குறை சொல்வது நேர்மையாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பேராயத்தின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கையும், அதன் கல்லூரிகள், மருத்துவமனைகளின் கணக்கையும் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு சபையிலும் அவரவர் மொழியில் வாசிக்க வேண்டும். பதவியில் இருப்பவர் தமது பதவிக்காலத்தை நீட்டிக்கும் திருத்தத்தால் தாமே பயன்பெற முடியாது என்று விதி வகுக்க வேண்டும். திருச்சபைத் தேர்தலை வெளியாரான நடுநிலையாளர் நடத்த வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் எத்தரப்பைச் சேர்ந்தவருக்கும் எக்காரணம் கொண்டும் மறுக்கப்படாது என இரு தரப்பும் இன்றே எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். பிரிவு தவிர்க்க முடியாதது என்றால், ஒவ்வொரு சபையிலும் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகே அது நிகழ வேண்டும்.

தோள்சீலை உரிமைக்காகப் போராடி 1859-இல் அதைப் பெற்ற மக்களின் வழிவந்தவர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அரசரிடமே உரிமை கேட்ட மரபு அவர்களுடையது. அவர்களைத் தலையாட்டும் கூட்டமாகக் கருதி எடுக்கப்படும் எந்த முடிவும் நிலைக்காது. 28 ஆண்டுகள் பொறுமையாகப் பேசி ஒன்றான திருச்சபை, உடைவதற்கு முன்னால் தன் உறுப்பினர்களிடம் ஒரு முறையேனும் பேசட்டும்!