உங்க ஊருக்கு எத்தனை பேரு?

“அண்ணே, எங்க ஊரைப் பத்தி யாருமே எதுவுமே எழுதலை. ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்ல நான் என்னத்தை எழுதுறது?”

சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் புவனகிரி வழியாக பஸ்ஸில் சிதம்பரம் வந்து எம்.ஏ. படிக்கும் தங்கச்சி ஒருத்தியின் புலம்பல் இது. புராஜெக்ட் தலைப்பு என்னவோ அருமையான தலைப்புதான். வீராணம் ஏரிப் பாசனமும் சேத்தியாத்தோப்பு வட்டார விவசாயமும். ஊர்க்காரப் பொண்ணு, விவசாயக் குடும்பம், வாய்க்காலும் மதகும் வீட்டுப் பேச்சு. ஆனால், இரண்டாவது அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது.

கூகுளில் தேடியிருக்கிறாள். பஸ் டைமிங் வந்தது. பின்கோடு வந்தது. ஏரி நிரம்பிய செய்தி வந்தது. ஆராய்ச்சி டேட்டாபேஸில் ஊர் பெயரைப் போட்டால் ‘ஜீரோ ரிசல்ட்’. வெறுத்துப்போய் ஏ.ஐ.யிடம் கேட்டதில், பத்து புத்தகங்களின் பட்டியலை அள்ளிக் கொடுத்துவிட்டது. ஆசிரியர், வருஷம், பதிப்பகம், பக்க எண்... எல்லாம் பக்கா!

“இதை அப்படியே போட்டுடவாண்ணே?”

“இரும்மா. முதல்ல இந்தப் புத்தகமெல்லாம் இருக்கான்னு பார்ப்போம்.”

பத்தையும் ஒவ்வொன்றாக நூலக கேட்டலாக்குகளில் போட்டுப் பார்த்தோம். ஏழு புத்தகங்களைக் காணவே காணோம். எழுதாத புத்தகத்துக்குப் பக்க எண் வரை சொல்லியிருக்கிறது அந்த மெஷின்! வைவாவில் எக்ஸ்டர்னல், “இந்தப் புத்தகத்தை எங்கே படிச்சே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை கந்தல். தங்கச்சிக்கு முகமே வெளுத்துவிட்டது.

சரி, ‘ஜீரோ ரிசல்ட்’ விஷயத்துக்கு வருவோம். அதற்கு ‘யாரும் எழுதவில்லை’ என்று அர்த்தம் கிடையாது. ‘நீ கேட்ட பேரில் யாரும் எழுதவில்லை’ என்றுதான் அர்த்தம். கம்ப்யூட்டர் உங்கள் மனசைப் படிக்காது, எழுத்தைத்தான் படிக்கும். நம்ம ஊருக்கோ பேர் ஒன்றா, இரண்டா?

சேத்தியாத்தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் நடுவில் ‘ஒய்’ போட்டு எழுதுபவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு. கடைசியில் ‘தோப்’ என்று முடிப்பவர்கள் உண்டு, ‘தோப்பு’ என்று முடிப்பவர்களும் உண்டு. பழைய வெள்ளைக்கார ஆவணங்களில் வெள்ளாற்றின் குறுக்கே இருக்கும் நம்ம அணைக்கட்டு ‘ஷாட்டியாடோப் அனிகட்’. படித்தால் சிரிப்பு வரும். ஆனால், அந்தப் பேரைப் போட்டால்தான் அந்த ஆவணம் கதவைத் திறக்கும். இத்தனைக்கும் ‘அனிகட்’ என்பதே நம்ம ‘அணைக்கட்டு’ கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த வார்த்தைதான்.

அக்கம்பக்கமும் இதே கதைதான். கொள்ளிடத்துக்கு ‘கோலரூன்’. பரங்கிப்பேட்டைக்கு ‘போர்ட்டோ நோவோ’. பரங்கிப்பேட்டையில் இருக்கும் கடல் உயிரியல் மையத்திலிருந்து வந்த பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பல அந்தப் பேரில்தான் கிடைக்கும். ஏரியை இன்று ‘லேக்’ என்கிறோம். அன்றைக்கு அது ‘டேங்க்’. டேங்க் என்றதும் நமக்கு மாடியில் இருக்கும் கறுப்பு டப்பாதான் ஞாபகம் வரும். நீர்ப்பாசன ஆராய்ச்சியாளருக்கோ ஏரி! வீராணமும் சும்மா இல்லை. 10-ம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவர் மகன் இராஜாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி. பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் தேய்ந்து வீராணம் ஆனது. கல்வெட்டு, வரலாறு பக்கம் போனால் ‘வீரநாராயண’ என்றும் தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பூட்டு, மாவட்டத்தின் பெயர். கடலூர் மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பர் 30-ல்தான். அதற்கு முன்பு தென் ஆற்காடு. ஆக, ‘கடலூர் மாவட்டம்’ என்று மட்டும் தேடினால், 1993-க்கு முந்தையது பெரும்பாலும் கண்ணில் படாது. தங்கச்சி தேடியது அப்படித்தான்.

“சௌத் ஆற்காடுன்னு போட்டுப் பாரும்மா.”

போட்டாள். முதலில் வந்து நின்றவை இரண்டு பெரிசுகள். 1878-ல் வந்த கார்ஸ்டின் எழுதிய தென் ஆற்காடு மாவட்ட மேனுவல். 1906-ல் வந்த ஃபிரான்சிஸ் எழுதிய கெஸட்டியர். ஸ்கேன் செய்த பிரதிகள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘வீராணம் டேங்க்’ என்று உள்ளே தேடினோம். ஏரி வந்தது, அணைக்கட்டு வந்தது. “அண்ணே... எங்க ஊரு!” என்று அவள் கத்தியதில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது கொஞ்சம் டெக்னிக் பேசுவோம் பாஸ்.

கேட்டலாக் வேறு, டேட்டாபேஸ் வேறு. எந்த நூலகத்தில் என்ன புத்தகம், எந்த அலமாரியில் என்று சொல்வது கேட்டலாக். பத்திரிகைக்குள் இருக்கும் கட்டுரை வரை துழாவுவது டேட்டாபேஸ். கட்டுரையைக் கேட்டலாக்கில் தேடினால், பலசரக்குக் கடையில் போய் மாத்திரை கேட்ட கதைதான்.

ஒரே பொருளுக்குப் பல பேர் இருந்தால் நடுவில் ‘ஆர்’ போடுங்கள். எந்தப் பேர் இருந்தாலும் வரும். இரண்டு விஷயமும் சேர்ந்தே வேண்டும் என்றால் ‘அண்ட்’. உதாரணத்துக்கு, வெள்ளாறு என்று மட்டும் போட்டால் புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் இன்னொரு வெள்ளாறும் கூடவே வந்து குழப்பும். ‘அண்ட்’ போட்டு தென் ஆற்காடு சேர்த்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு வார்த்தை பிரியாமல் ஒன்றாக வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

அமெரிக்க நூலகங்களின் கேட்டலாக்கில் தமிழ்ப் புத்தகம் தேடும்போது இன்னொரு சூட்சுமம். தமிழ் எழுத்துக்கு எழுத்து இங்கிலீஷில் மாற்றுவார்கள். சிதம்பரத்தில் ‘எச்’ இருக்காது. கடலூர் ‘கே’யில் ஆரம்பிக்கும். பேச்சு உச்சரிப்பில் போட்டால் கிடைக்காத தலைப்பு, இப்படிப் போட்டால் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு நல்ல புத்தகம் சிக்கினால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பதிவில் இருக்கும் பொருள் தலைப்பையும் வகைப்பாட்டு எண்ணையும் பாருங்கள். அதை க்ளிக் செய்தால், வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும் அதன் சொந்தக்காரப் புத்தகங்கள் வரிசையாக வரும். இந்த வித்தையைப் பற்றி ஆழமாக யோசித்தவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் தந்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. 1933-ல் வந்த அவருடைய கோலன் வகைப்பாடு உலக நூலகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நாம்தான் பத்து நிமிஷ வேலைக்குப் பத்து நாள் அலைகிறோம்!

எங்கே தேடுவது? முதல் வாசல், சோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. பிஎச்.டி. ஆய்வேடுகளை டிஜிட்டலாகத் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2009-ல் விதி கொண்டுவந்ததால், இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாகத் தனி ஃபைல். கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை முதலில் திறங்கள். ஒருவர் பல வருஷம் தேடிய பட்டியல் அது. காப்பியடிக்க இல்லை பாஸ், வழி தெரிந்துகொள்ள!

காப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போனால் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ரிஜிஸ்ட்ரேஷனே காலி.

தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகை, அரிய நூல் என்றால் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் கேட்டலாக். காசு கட்டிப் படிக்க வேண்டிய ஜர்னல்களுக்கு, 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் ஜர்னல்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு இது திறந்திருக்கிறது. ‘லாகின் எப்படி?’ என்று உங்கள் நூலகரைக் கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம். தனியார் காலேஜ் நண்பர்கள் மனசு விட வேண்டாம். சோத்கங்காவும், தேசிய டிஜிட்டல் நூலகமும், இலவச ஜர்னல்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யும் எல்லோருக்கும் பொது.

இரண்டு வாரம் கழித்து தங்கச்சி போன் பண்ணினாள். ரிவ்யூ அத்தியாயம் முடிந்துவிட்டதாம். குரலில் வேறு ஒரு சுருதி.

“அண்ணே, வெள்ளைக்காரன் எழுதினதைப் படிச்சேன். சோழர் காலத்தைப் பத்திப் படிச்சேன். 2004-லேர்ந்து வீராணம் தண்ணி பைப்ல சென்னைக்குப் போறதைப் பத்தியும் படிச்சேன். எல்லா பேரையும் போட்டுத் தேடிட்டேன். ஆனா, கடைமடையில இருக்கற எங்க அப்பா மாதிரி ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு நான் தேடின வரைக்கும் எங்கயும் இல்லைண்ணே.”

“அப்போ?”

“அதை நான் எழுதப் போறேன்.”

முதல் நாள் ‘யாருமே எழுதலை’ என்று சொன்னதும் இவள்தான். அன்று அது புலம்பல். இன்று அதுவே மூன்றாவது அத்தியாயம். நடுவில் இருந்தது இரண்டு வாரத் தேடல் மட்டும்தான்.

இந்த வார ஹோம்வொர்க்: கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன், ஒரு பேப்பரை எடுங்கள். உங்கள் ஊரின் இன்றைய பேர், பழைய பேர், வெள்ளைக்காரன் கூப்பிட்ட பேர், அப்போதைய மாவட்டம், பக்கத்து ஆறு, ஏரி எல்லாவற்றையும் எழுதுங்கள். தெரியாததை வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். தேடல் அங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்!