தொட்டிக்குள் இறங்கியவர்கள் யார்?

'தி மேஜிக் கிறிஸ்டியன்' 1969இல் வந்த படம். பெரும் பணக்காரரான சர் கை கிராண்ட் பணத்தை வாரி இறைத்து, யார் எவ்வளவுக்கு வளைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகிறார். கிராண்டாக நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ். 'சாமானியர்களின் ஆசையைக் கொச்சைப்படுத்தும் படம். கதையே இல்லாத துணுக்குத் தோரணம்' என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. இதை ஏற்க முடியாது.

முதலில், 'சாமானியர்களைக் கேலி செய்கிறது' என்பது. 500 பவுண்டுக்காகத் தான் எழுதிய அபராதச் சீட்டையே மென்று விழுங்கும் போக்குவரத்துக் காவலர் சின்ன ஊழியர்தான். ஆனால் படத்தின் பலத்த அடி அவர்மேல் விழவில்லை. ரத்தமும் சிறுநீரும் சாணமும் கலந்த தொட்டியில் நோட்டுகள் மிதக்கும்போது, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர்கள் கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள். பூங்காவில் படுத்துக் கிடக்கும் வீடற்ற இளைஞனை, ரிங்கோ ஸ்டார் ஏற்ற அந்தப் பாத்திரத்தை, கிராண்ட் விலை பேசவில்லை, மகனாகத் தத்தெடுக்கிறார். டெர்ரி சதர்ன் 1959இல் எழுதிய மூல நாவலில் இந்த இளைஞன் கிடையாது. படம் எடுத்தவர்கள் யோசித்துச் சேர்த்த பாத்திரம் அது.

இரண்டாவது, 'பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்பது தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன?' என்ற கேள்வி. நம் 'சதுரங்க வேட்டை' படத்தை (2014) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் மோசடிக்காரன் காந்திபாபு பொய் சொல்லி ஆசையைத் தூண்டுகிறான். பணத்தை இழந்தவர் 'ஏமாந்துவிட்டேன்' என்று அழலாம். விலை பேசும்போது கிராண்ட் பொய் சொல்வதில்லை. விலையை வெளிப்படையாகச் சொல்கிறார், கையிலேயே கொடுக்கிறார். ஏல நிறுவனத்து அதிகாரி ரெம்பிராண்ட் ஓவியத்தை ஏலத்துக்கு முன்பே விற்றுவிட, கிராண்ட் அதிலிருந்து மூக்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார். வளைந்தவருக்கு இங்கே சாக்குச் சொல்ல இடமே இல்லை.

மூன்றாவது, 'கதை இல்லை' என்பது. கோவையான கதை இருந்திருந்தால் பழி முழுவதும் ஒரு வில்லன் தலையில் விழுந்து, மற்றவர்கள் தப்பியிருப்பார்கள். சட்டம், கலை, பல்கலைக்கழகப் படகுப் போட்டி, நாடக மேடை, சொகுசுக் கப்பல் என்று மரியாதைக்குரிய இடம் ஒவ்வொன்றையும் படம் தனித்தனியே சோதிக்கிறது; சோதனைக்கு ஏற்ற வடிவம் இதுதான். கப்பல் காட்சிகளில் இனத்தையும் பாலினத்தையும் வைத்துச் செய்த கேலிகள் இன்று உறுத்துகின்றன. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை.

கடைசியாக, 'அந்தக் காலத்து விளையாட்டு' என்பது. படம் கேட்கும் கேள்வி இன்னும் பழையதாகவில்லை. லண்டனின் ஹைகேட் ஹில் அடிவாரத்தில் விட்டிங்டன் கல் நிற்கிறது. தங்கம் பாவிய தெருக்களை நம்பி லண்டன் வந்த ஏழைச் சிறுவன் மேயரான கதையின் நினைவுச் சின்னம் அது. 1423இல் இறந்த உண்மையான ரிச்சர்ட் விட்டிங்டனோ நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை. அருகிலுள்ள ஆர்ச்வே சாலை முருகன் கோயிலுக்கு வரும் நம் குடும்பங்களும் அதே தங்கத் தெருக் கனவைக் கேட்டு வளர்ந்தவைதான். உழைத்தால் செல்வம் வரும் என்று அந்தக் கதை பிள்ளைகளுக்குச் சொல்கிறது. வந்த செல்வம் யாரையெல்லாம் வாங்கும் என்று கேட்பது இந்தப் படம். அந்தக் கேள்வியும் நம் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும்.