கடலைத் தொலைத்த துறைமுகம்



இன்பச் சுற்றுலா முடிந்து வந்த மறுநாள், வகுப்பில், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். "பஸ்ல பாட்டு போட்டாங்க சார், புளியோதரை சூப்பர் சார்" என்று பதில் வரும். கோட்டையைப் பற்றிக் கேட்டால், "பெரிசா இருந்துச்சு சார்!" அவ்வளவுதான். சிரித்துக்கொள்வேன். ஆனால், ஓய்வு பெற்ற பின் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய், நானும் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வர இருந்தேன்.

அந்த ஊரின் பெயர் ஹோர்ன். நெதர்லாந்து நாட்டில் இருக்கிறது. தலைநகர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயில் ஏறினால், முக்கால் மணி நேரத்திற்குள் போய்விடலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் உலகமெல்லாம் கப்பல் அனுப்பிய துறைமுகம் அது. தென் அமெரிக்காவின் தென்கோடியில், 'கேப் ஹார்ன்' என்ற முனையை வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். 1616ல் அதைச் சுற்றிப் போன மாலுமிகள், இந்த ஊரின் பெயரைத்தான் அதற்கு வைத்தனர்.

துறைமுகத்தின் நுழைவாயிலில், 1532ல் கட்டிய காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. எதிரிக் கப்பல் வருகிறதா என்று கடலைக் கண்காணிக்கக் கட்டியது. இன்று அதன் எதிரே கடலே இல்லை! அலைகளும் உப்புக் காற்றும் இருந்த இடத்தில் இன்று இருப்பது நன்னீர் ஏரி. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து, டச்சுக்காரர்கள் 1932ல், 32 கி.மீ., நீளத்துக்கு ஓர் அணை கட்டி, கடலின் வாயையே அடைத்துவிட்டனர். ஆறுகள் கொண்டுவந்த நீரால், உள்ளே இருந்த உப்புநீர் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீரானது. கடல் மீன்கள் போயின. அவற்றை நம்பியிருந்த மீனவர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போயினர்.

கோபுரத்துக்குப் பக்கத்தில், வெண்கலத்தில் மூன்று சிறுவர்கள். உங்கள் வயதுதான் இருக்கும். கப்பலில் எடுபிடி வேலைக்குப் போன பையன்கள். ஒரு டச்சுச் சிறுவர் நாவலில் வருபவர்கள். கதை கற்பனை, ஆனால், அவர்கள் போன கப்பலும் அதன் தலைவர் பான்டகூவும் உண்மை. ஹோர்னைச் சேர்ந்த பான்டகூவின் கப்பல், 1619ல், இந்தோனேசியாவை நெருங்கும்போது தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் ஒரு மாலுமி, பீப்பாயிலிருந்து பிராந்தி எடுக்கப் போனபோது, மெழுகுவர்த்தியின் நெருப்புப் பட்டுவிட்டது. தீ, வெடிமருந்து இருந்த இடத்துக்குப் பரவ, கப்பல் சிதறிப் போனது. பான்டகூ எப்படியோ பிழைத்து ஊர் திரும்பினார். ஒரு சின்ன மெழுகுவர்த்தி!

அந்தச் சிறுவர்களின் பக்கத்தில் நின்று நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். கால்வாய் ஓரத்துப் பழைய கட்டடங்களின் உச்சியைப் பாருங்கள். ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அதில் கயிற்றைப் போட்டு மூட்டைகளை மேல்மாடிக்கு இழுப்பார்களாம். 'ஆகா, என்ன அழகு!' என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த மூட்டைகளில் என்ன இருந்தது, எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. வாத்தியாரும் சில நேரம் கடைசி பெஞ்ச் மாணவன்தான்.

ஊரின் நடுவில் 'சிவப்புக் கல்' என்று ஒரு சதுக்கம். முற்காலத்தில், குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றிய இடம். ஒரு பக்கம் 1609ல் கட்டிய எடைக்கூடம். இன்னொரு பக்கம் அருங்காட்சியகம். நடுவே, உயரமான பீடத்தில் கம்பீரமாக ஒருவர் நிற்கிறார். யான் பீட்டர்சோன் கூன். 1587ல் இவ்வூரில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் ஆனவர். 1893ல் சிலை வைத்தனர்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இல்லாவிட்டாலும், நாட்டு மருந்துக் கடையில் ஜாதிக்காய் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில், உலகத்திலேயே இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும்தான் அது விளைந்தது. ஐரோப்பாவில் அதற்கு ஏகப்பட்ட விலை. 'எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்' என்றது டச்சுக் கம்பெனி. பாண்டா மக்களோ மற்றவர்களுக்கும் விற்றனர். அவர்கள் விளைவித்தது, அவர்கள் இஷ்டம். 1621ல், கூன் படையோடு போனார். அங்கு ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்தனர் என்கின்றனர் வரலாற்று ஆசிரியர்கள். பெரும்பாலானோர் வெட்டுப்பட்டும், பட்டினியாலும் இறந்தனர். பலரை அடிமைகளாகப் பிடித்துப் போயினர். மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான்.

மேல்மாடிக்கு ஏறிய மூட்டைகளில் சில, அங்கிருந்து வந்தவை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தத் தீவுகளில் மசாலா வாங்க, கம்பெனி கொண்டுபோன பொருட்களில் முக்கியமானது, சோழமண்டலக் கடற்கரையில் நம் நெசவாளிகள் நெய்த துணி. அதற்காகவே, நம் பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டினர். அங்கிருந்து ஏழை மக்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினர். பறவை பார்க்க பழவேற்காடு போகும்போது, டச்சுக் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூன் சிலைக்கு வருவோம். 'இப்படிப்பட்டவருக்கு எதற்குச் சிலை?' என்று உள்ளூர் மக்களே கேட்டனர். அந்த விவாதம் நடந்துகொண்டிருந்த 2011 ஆகஸ்டில், ஒரு கிரேன் இடித்து, சிலை தானாகக் கீழே விழுந்தது! திரும்ப வைப்பதா, வேண்டாமா? நகர நிர்வாகம் திரும்ப வைத்தது. ஆனால், 2012ல் பீடத்தில் புதிய வாசகம் பொறித்தது. பாண்டாவில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்ததையும் அதில் சொல்லியிருக்கின்றனர். அதே ஆண்டு, எதிரே உள்ள அருங்காட்சியகம், 'கூன் வழக்கு' நடத்தி, பார்வையாளர்களையே நீதிபதி ஆக்கியது. பெரும்பாலானோர், 'சிலை இருக்கட்டும்' என்றனர். சண்டை அதோடு ஓயவில்லை. 2020ல் மறுபடியும் போராட்டம்.

என்னைக் கேட்டால், சிலையை எடுத்து, எதிரே இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் வைத்திருப்பேன். உயரமான பீடத்தில் நிற்பவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது; கழுத்து வலிக்கும்போது, கீழே உள்ள எழுத்தை யார் குனிந்து படிப்பார்கள்? என்னோடு வந்த என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ளே வெச்சா டிக்கெட் வாங்கினவங்க மட்டும்தானே தாத்தா படிப்பாங்க? வெளியே இருந்தா எல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

ரயிலில் திரும்பும்போது அரை மணி நேரம் வாதாடினோம். தீரவில்லை. நீங்கள் யார் பக்கம்? காரணத்தோடு, ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். பேத்தி பக்கம்தான் நிறைய ஓட்டு விழும் என்று இப்போதே பந்தயம் கட்டியிருக்கிறாள்.