இரண்டு நாளில் இண்டர்வியூ

"சார், நாளன்னைக்கு இண்டர்வியூ. எதைப் படிக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போதும் வருகிறார்கள். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், தேர்வுக் குழுவிலும் சில முறை உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் வருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: உலகத்தைப் படிக்காதே, உன் விண்ணப்பத்தைப் படி.

ஐபிபிஎஸ் நடத்தும் பி.ஓ. தேர்வில் மெயின்ஸுக்கு 80, இண்டர்வியூவுக்கு 20 என்ற விகிதத்தில் மதிப்பெண்ணைச் சேர்க்கிறார்கள். பெரிய பங்குக்கான உழைப்பு முன்பே முடிந்துவிட்டது. இனிமேல் தடிமனான பொது அறிவுப் புத்தகத்தோடு விடிய விடியக் கண்விழித்தால் தூக்கம்தான் கெடும்.

முதல் நாள் விண்ணப்பத்துக்கு. அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. பொழுதுபோக்கு வாசிப்பு என்று எழுதியிருந்தால், கடைசியாக எதை வாசித்தாய் என்பார்கள். இன்ஜினியரிங் படித்தவனிடம் வங்கி வேலை எதற்கு என்பார்கள். சொந்த ஊர் தஞ்சாவூர் என்றால் குறுவை, சம்பா, பயிர்க்கடன் பற்றிப் பேச்சு வரும்.

இரண்டாம் நாள் அடிப்படை விஷயங்கள்: ரெப்போ விகிதம், வாராக்கடன், கே.ஒய்.சி., 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமையான கதை, அன்றைய செய்தித்தாள். சான்றிதழ்களை அன்று மாலையே அடுக்கி வைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு "பிசினஸ்" என்றான். என்ன பிசினஸ் என்றதும் திணறிப்போனான். அப்பா தறி நெய்பவர். அதை நேராகச் சொல்லியிருந்தால் நூல் விலை, கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் கடன் என்று கேட்டிருப்போம். எங்களைவிட அவனுக்குத்தான் அதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கும். தன் பலத்தையே மறைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரிடம் இந்தக் கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். இதைப் போக்க எந்தக் கோச்சிங் சென்டரும் வேண்டாம், வீட்டுப் பெரியவர்கள் போதும்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரனுக்கோ பேத்திக்கோ இண்டர்வியூ என்றால் "நல்லாப் பண்ணு" என்பதோடு நிறுத்தாதீர்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்துக் கேள்வி கேளுங்கள். வாய்விட்டுப் பதில் சொல்லட்டும். முதல் கேள்வி, "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று இருக்கட்டும்.