வண்டி தெரிகிறது, எண் தெரியவில்லை!

விஞ்ஞானம் மனிதனுக்குக் கண்களைக் கூட்டிக்கொண்டே போகிறது என்பார்கள். சென்ற ஆண்டு கரும்பு வெட்டுக் காலம் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், ஓர் இரவு, மொபெட்டில் போன என் சித்தப்பாவை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது. தொடை எலும்பு முறிந்தது. பின்னே வந்த காரில் டேஷ் கேமரா இருந்தது. அதன் உரிமையாளர், முன்பின் அறியாதவர், தாமே முன்வந்து பதிவைத் தந்தார். "இனி தப்பிக்க முடியாது" என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே படத்தைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேன் தெளிவாகவே இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்!

நண்பர்களே, இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். விதிப்படி கார், வேன்களின் எண்பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். சாதாரண டேஷ் கேமரா ஏறக்குறைய 130 பாகை அகலக் காட்சியை 1920 புள்ளிகளுக்குள் அடக்குகிறது. பத்து மீட்டர் தொலைவில் ஓர் எழுத்தின் உயரத்துக்குக் கிடைப்பவை ஐந்தாறு புள்ளிகளே. கோட்டுக்கு ஒரு புள்ளிகூட முழுதாக இல்லை. மூன்றும் எட்டும் அங்கே இரட்டைப் பிள்ளைகள். சினிமாவில் போலப் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்றார் ஒரு நண்பர். பதிவாகாத புள்ளியை எங்கிருந்து பெரிதாக்குவது?

இரவில் நிலைமை இன்னும் மோசம். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான எண்பலகை, விழும் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புவது. நம் கண்ணுக்கு அது நல்லது. இருட்டுச் சாலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்ட கேமராவுக்கோ, முகவிளக்கு பட்டதும் பலகை முழுதும் வெளுத்துவிடுகிறது.

எண் கிடைக்காவிட்டால் என்ன நட்டம்? 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதினால் படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். எண் தெரிந்திருந்தால் தீர்ப்பாயத்துக்குச் சென்று மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் கணக்கிட்டுக் கேட்கலாம். கூலிக்காரனுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

கார்க்காரர் எண்ணைத் தம் கண்ணால் பார்த்ததாகவே சொன்னார். சித்தப்பாவைத் தூக்கி ஓரமாகக் கிடத்துவதற்குள் மறந்துவிட்டதாம். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். ஆனால், பார்த்த அந்தக் கணமே எண்ணை வாய்விட்டுப் படித்திருந்தால்? பெரும்பாலான டேஷ் கேமராக்களில் ஒலிவாங்கி உண்டு. கண்ணுக்குப் பிடிபடாதது அதன் காதுக்குப் பிடிபட்டிருக்கும். கார் வைத்திருக்கும் பேராசிரியர்கள் இப்பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம்மிடமும் குற்றம் இல்லாமலில்லை. நம் கல்லூரி வாகன நிறுத்தத்துக்குப் போய்ப் பாருங்கள்: சுழித்து எழுதிய எண்கள், தலைவர் படத்துக்குக் கீழே பதுங்கிய எண்கள். இருசக்கர வண்டியின் பின்பலகையில் விதி தரும் உயரமே 40 மில்லிமீட்டர்தான். அதிலும் நமக்கு அலங்காரமா? கரும்பு ஏற்றிய டிரெய்லர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோகைக்குள் பலகை இருக்கிறதா என்பதே ஐயம்.

சித்தப்பாவின் 50,000 ரூபாய்க்கான மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். வண்டி எண் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.